மூன்றே எழுத்து! ‘பள்ளி’ எங்கெல்லாம் போயிருக்கிறது தெரியுமா?

காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசலில் தொழுகை. இரவானால் கோயிலில் பள்ளியறை பூஜை. படிக்கிற இடம், தொழுகிற இடம், தூங்குகிற இடம் என்று மூன்று இடங்களுக்கும் ஒரே சொல்! என்றைக்காவது நின்று யோசித்திருக்கிறோமா, இது எப்படி வந்ததென்று?

இதற்கான விடையில் பெரும்பகுதியைக் காஞ்சிபுரத்தை விட்டு வெளியே போகாமலே கண்டுபிடித்துவிடலாம். பட்டுத்தறிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தைத் தாண்டி, வேகவதி ஆற்றங்கரைப் பக்கம் போனால் திருப்பருத்திக்குன்றம் வரும். பட்டுக்குப் பேர்போன நகரத்தின் ஓரத்தில், பருத்தியின் பெயரில் ஓர் ஊர். சிவ காஞ்சி, விஷ்ணு காஞ்சி என்று எல்லோரும் சொல்வார்கள். மூன்றாவதாக ஜின காஞ்சி என்று ஒன்று உண்டே, அது இந்த ஊர்தான். வர்த்தமான மகாவீரருக்கு எழுப்பிய திரைலோக்கியநாதர் கோயிலும், அருகிலேயே சந்திரப்பிரபர் கோயிலும் இங்கே இருக்கின்றன. கோயிலுக்குப் பின்னால் முனிவர்கள் தவம் செய்ததாகச் சொல்லும் குரா மரம் நிற்கிறது.

இந்த ஊர் எவ்வளவு பழையது தெரியுமா? தஞ்சைப் பக்கம் பள்ளன்கோயில் என்ற ஊரில் பல்லவர் செப்பேடு ஒன்று கிடைத்தது. சிம்மவிஷ்ணுவின் தந்தை சிம்மவர்மன், தன் ஆறாம் ஆட்சியாண்டில் கொடுத்த தானம் அதில் பதிவாகியிருக்கிறது. காலம் கி.பி. 550-ஐ ஒட்டியது. நம் கையில் கிடைத்திருப்பது பின்னால் எடுத்த பிரதி என்று எழுத்தின் அமைதியைப் பார்த்து அறிஞர்கள் சொல்கிறார்கள். தானம் யாருக்கு? பருத்திக்குன்றில் இருந்த வச்சிரநந்தி என்ற சமண குரவருக்கு! கொடுத்த ஊரின் பெயர் அமண்சேர்க்கை. கொடுத்த முறையின் பெயர் பள்ளிச்சந்தம். பிராமணர்களுக்குக் கொடுத்தால் பிரமதேயம், கோயிலுக்குக் கொடுத்தால் தேவதானம், சமண பௌத்தப் பள்ளிகளுக்குக் கொடுத்தால் பள்ளிச்சந்தம். ஆக, திருப்பருத்திக்குன்றத்தின் பெயரோடு ‘பள்ளி’ என்ற சொல் ஒட்டிக்கொண்டு ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் ஆகின்றன.

சரி, அந்தப் பள்ளி என்றால் என்ன?

படுக்கை! ஆமாம், வெறும் படுக்கைதான். பள்ளிகொள்ளுதல் என்றால் படுத்துத் துயிலுதல். சமணத் துறவிகள் ஓரிடத்தில் நிலையாகத் தங்கக்கூடாது, ஊர் ஊராக நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. மழைக்காலத்து நான்கு மாதங்கள் மட்டும் விலக்கு. புல்லும் புழுவும் பெருகும் அந்த நாட்களில் நடந்தால் உயிர்கள் மிதிபடும் என்பதால் ஓரிடத்தில் அடங்கியிருப்பார்கள். அவர்களுக்காக மலைக் குகைகளில் பாறையைச் செதுக்கி, தலைமாட்டில் தலையணை போலக் கொஞ்சம் உயர்த்தி, வழவழவென்று கற்படுக்கைகளைச் செய்து கொடுத்தார்கள் நம் மன்னர்களும் வணிகர்களும். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்ற குகையில் இப்படி 17 படுக்கைகள் இருக்கின்றன. போய்த் தொட்டுப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கும்.

மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலையில் 1882-இல் ராபர்ட் சிவெல் கண்ணில் பட்ட தமிழி எழுத்துகளைத் தமிழ்நாட்டின் மிகப் பழைய கல்வெட்டுகளோடு வைத்து எண்ணுகிறார்கள். ஐராவதம் மகாதேவன் அவற்றைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வைக்கிறார். கணி என்று அழைக்கப்பட்ட சமணத் துறவி ஒருவருக்கு, நெடுஞ்செழியனின் பணியாள் ஒருவன் வெட்டிக் கொடுத்ததைச் சொல்லும் அந்த வரி எந்தச் சொல்லில் முடிகிறது தெரியுமா? ‘பளிஇய்’! நம் பள்ளியேதான். தமிழ் எழுதப்பட்ட முதல் நாட்களிலேயே, எழுதப்பட்ட முதல் பொருள்களில் ஒன்றாகப் பள்ளி இருந்திருக்கிறது. இதைவிடப் பெரிய பெருமை ஒரு சொல்லுக்கு என்ன வேண்டும்?

படுக்கை இருக்கும் இடம் துறவியின் இருப்பிடம் ஆனது. இருப்பிடத்தின் பெயரும் பள்ளி. நான்கு மாதம் ஓரிடத்தில் இருக்கும் துறவி என்ன செய்வார்? சமணர்களுக்கு நால்வகைத் தானம் கடமை: உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி. சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் எழுத்துக் கற்க அந்தப் படுக்கைகளைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். உறங்கும் இடம் ஓதும் இடமாக மாறியது இப்படித்தான் என்று தமிழறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கும் இதுதான் நெஞ்சுக்கு ஒப்புகிற விளக்கம். 8-ஆம் நூற்றாண்டில் திருமங்கையாழ்வார் திருவல்லிக்கேணியைப் பாடும்போது பிரகலாதன் படித்த இடத்தையும் பள்ளி என்றே குறிப்பிடுகிறார். சமணர் மடத்துச் சொல் அதற்குள் வைணவப் பாசுரத்துக்குள் பாடசாலையாக நுழைந்துவிட்டது!

பள்ளிகளில் வெறும் அரிச்சுவடி மட்டும் நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். இன்றைய கடலூரை ஒட்டிய பாடலிபுரத்தில் பெரிய சமணப் பள்ளி இருந்தது. திருநாவுக்கரசர் சமணராக இருந்து தருமசேனர் என்ற பெயரோடு கற்ற இடம் அதுதான் என்கிறது பெரியபுராணம். உலக அமைப்பைச் சொல்லும் ‘லோகவிபாகம்’ என்ற பிராகிருத நூலைச் சர்வநந்தி அங்கே எழுதி முடித்த ஆண்டு சக வருடம் 380, அதாவது கி.பி. 458. காஞ்சியை ஆண்ட, அதே பெயருடைய முந்தைய மன்னரான சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு என்ற குறிப்பும் அதோடு வருகிறது. பல்லவ மன்னர்களின் காலத்தைக் கணக்கிட வரலாற்று ஆசிரியர்கள் பிடித்துக்கொள்ளும் கொழுகொம்பே இந்தப் பள்ளியில் எழுந்த நூல்தான்!

பெண்களுக்கும் பள்ளி இருந்தது தெரியுமா? ‘பெண்பள்ளி’ என்றே பெயர்! ஆற்காட்டுக்குப் பக்கம் விளாப்பாக்கத்தில் முதலாம் பராந்தகனின் 38-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அரிஷ்டநேமிப் பிடாரரின் மாணவியான பட்டினிக் குரத்தியடிகள் கிணறும் வீடும் அமைத்துப் பெண்பள்ளி ஆக்கியதைச் சொல்கிறது. குரவர் என்றால் ஆண் ஆசிரியர், குரத்தி என்றால் பெண் ஆசிரியர். வந்தவாசிப் பக்கம் வேடலில் கனகவீரக் குரத்தியார் என்றொருவர் இருந்தார். முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அவரைச் சேர்ந்த பிள்ளைகள் 500 பேர் என்கிறது. ஐந்நூறு பேர்! அதே ஊரில் இருந்த 400 தவசியருக்கும் இவர்களுக்கும் பிணக்கு வந்தபோது, குரத்தியாரையும் அவர் பிள்ளைகளையும் நாங்களே காத்து உணவிடுவோம் என்று ஊரார் பொறுப்பேற்றார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால், காஞ்சியிலிருந்து அதிகத் தொலைவில்லாமல், ஒரு பெண் ஆசிரியருக்காக ஓர் ஊரே எழுந்து நின்றிருக்கிறது. இதை ஏன் நம் பாடப் புத்தகங்களில் பெரிய எழுத்தில் போடுவதில்லை?

இப்போது மறுபடி தூக்கத்துக்கு வருவோம். காஞ்சியில் பெருமாள் பள்ளிகொண்ட கதையைக் கேட்டிருப்பீர்கள். பிரமன் செய்த வேள்வியை அழிக்கச் சரசுவதி வேகவதி ஆறாகப் பெருகி வந்தாளாம். குறுக்கே அணை போலப் படுத்துக்கொண்டாராம் திருமால். அந்த இடம் திருவெஃகா. அங்கே கோயில் கொண்டவர் பெயர் சொன்னவண்ணம் செய்த பெருமாள். திருமழிசையாழ்வார் ஊரை விட்டுக் கிளம்பியபோது, அவர் சொற்படி பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பெருமாளும் பின்னாலேயே கிளம்பிவிட்டார் என்றும், அழைத்ததும் திரும்பி வந்து படுத்தபோது வழக்கத்துக்கு மாறான பக்கம் தலைவைத்துப் படுத்தார் என்றும் தலபுராணம். இன்றைக்கும் அங்கே திருமேனி அப்படித்தான், மற்றத் தலங்களுக்கு எதிர்ப்பக்கமாகக் கிடக்கிறது. வேகவதியின் கரையில் ஒருபக்கம் சமணப் பள்ளி, இன்னொருபக்கம் பெருமாள் பள்ளி!

மன்னர்களுக்கோ பள்ளி என்பது மீளாத் துயில். பள்ளிப்படை! ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் திருப்புறம்பியம் பள்ளிப்படையை மறந்திருக்க மாட்டார்கள். இறந்த அரசரின் நினைவாக எடுக்கும் கோயில் அது. வேலூர்ப் பக்கம் மேல்பாடியில் ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’ என்று அழைக்கப்பட்ட தன் பாட்டனார் அரிஞ்சய சோழருக்காக முதலாம் இராசராசன் எடுத்த பள்ளிப்படை இன்றும் நிற்கிறது. இராசராசனின் தந்தை சுந்தர சோழருக்குப் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்று பெயர். அந்தப் பொன்மாளிகை எங்கே இருந்தது? காஞ்சிபுரத்தில்! துஞ்சுதல் என்றாலும் தூக்கம், பள்ளி என்றாலும் தூக்கம். மரணத்தைத் தூக்கம் என்று சொல்லும் அந்தக் கல்வெட்டுத் தமிழின் மென்மை வேறெங்கே கிடைக்கும்!

அடுத்த வியப்பு திருப்பருத்திக்குன்றத்துக்கே உரியது.

கோயிலுக்குள் நுழைந்தால் சங்கீத மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. விதானம் முழுக்க ஓவியம். ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகியோரின் கதைகளோடு கண்ணன் கதையும் வண்ணத்தில் விரிகிறது. நேமிநாதரும் கண்ணனும் உறவினர்கள் என்பது சமண மரபு. படங்களுக்குக் கீழே தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். டி.என். இராமச்சந்திரன் இவற்றையெல்லாம் ஆராய்ந்து 1934-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக ஒரு தனி நூலே எழுதினார். இந்த மண்டபத்தைக் கட்டியவர் விசயநகர மன்னர் இரண்டாம் ஹரிஹரரின் தண்டநாயகர் இருகப்பர். தன் குரு புஷ்பசேனர் சொல்லியதை ஏற்று 1387-88-இல் கட்டினார். அதற்கு முன்பே, 1382-இல், மகேந்திரமங்கலம் என்ற ஊரைக் கோயிலுக்குக் கொடுத்திருந்தார். ஹம்பியில் 1385-இல் கட்டிய கனிகிட்டி சமணக் கோயிலும் இவர் பணிதான்.

படை நடத்தியவர், கோயில் கட்டியவர். அதோடு முடிந்ததா? இருகப்ப தண்டநாதர் பெயரில் ‘நாநார்த்த ரத்தினமாலை’ என்று ஒரு சமஸ்கிருத நிகண்டு இருக்கிறது. இந்த மண்டபத்தைக் கட்டிய இருகப்பரே அதன் ஆசிரியர் என்று கல்வெட்டு அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். நூலின் வேலை என்ன தெரியுமா? ஒரே சொல்லுக்கு எத்தனை பொருள் என்று சொல்லுவது! பல பொருள் தரும் சொற்களைத் தேடித் தேடித் தொகுத்த ஒரு மனிதர், பள்ளி என்ற பல பொருள் சொல்லின் வரலாற்றில் நடுநாயகமாக நிற்கும் ஊரில் மண்டபம் கட்டியிருக்கிறார். இதை அறிந்தபின் அந்தத் தூண்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

தமிழிலும் இந்த வேலையைச் சமணர் செய்தார்கள். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒரு சொல்லின் பல பொருள்களுக்கே. நம் கொள்ளுத்தாத்தாக்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டை மனப்பாடம் செய்துதான் வளர்ந்தார்கள். அச்சிட்ட அகராதி கைக்கு வரும்வரை தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொற்பொருள் சொல்லிக்கொடுத்த நூல்களில் ஒன்று ஒரு சமணர் எழுதியது!

இனி எல்லை தாண்டுவோம். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேரளத்தில் ‘பள்ளிக்குப் போறேன்’ என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் அவர் கையில் புத்தகப் பை இருக்காது. மாதா கோயிலுக்கோ மசூதிக்கோ போகிறார் என்று பொருள். கொடுங்கல்லூர்ச் சேரமான் மசூதியும் பள்ளி, கிறித்தவத் தேவாலயமும் பள்ளி, மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதர்களின் தொழுகைக் கூடமும் ‘ஜூதப்பள்ளி’. மூன்று மதத்துக்கும் ஒரு பெயர்! எப்போது தொடங்கியது இந்த வழக்கம்? கி.பி. 849-இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்தில் மார் சபீர் ஈசோ கட்டிய தேவாலயத்துக்குக் கொடுத்த உரிமைகளைச் சொல்லும் செப்பேட்டுக்குப் பெயரே தரிசாப்பள்ளிச் செப்பேடு. வட்டெழுத்தில் எழுதிய அந்தச் செப்பேட்டின் கடைசியில் சாட்சிக் கையெழுத்துகள் இருக்கின்றன. எந்த எழுத்துகளில்? அரபியின் கூஃபி எழுத்தில், பாரசீகத்துப் பகலவியில், எபிரேய எழுத்தில்! ஒரு கிறித்தவப் பள்ளிக்கான தானத்துக்கு முஸ்லிம்களும் பார்சிகளும் யூதர்களும் சாட்சி. 1,100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்றைக்கு மதத்தின் பெயரால் சண்டை போடுகிறவர்கள் இந்தச் செப்பேட்டை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஏன் புதிய மதங்களுக்கு இந்தச் சொல் போய்ச் சேர்ந்தது? கோயில் என்ற சொல் சிவனுக்கும் திருமாலுக்கும் உரியதாக வழங்கிக்கொண்டிருந்தது. அதற்கு வெளியே இருந்த சமண, பௌத்த வழிபாட்டு இடங்களைப் பள்ளி என்று மக்கள் ஏற்கெனவே அழைத்துக்கொண்டிருந்தார்கள். கடல் கடந்து கிறித்தவரும் யூதரும் முஸ்லிமும் வந்தபோது புதிதாகச் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. மரியாதையான ஒரு சொல் கையிலேயே தயாராக இருந்தது! தமிழ்நாட்டிலும் அப்படித்தான். காயல்பட்டினத்துக்குப் போனால் பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்றுதான் பேசுவார்கள். பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போவதும் பள்ளிக்கு, கணக்குப் படிக்கப் போவதும் பள்ளிக்கு.

கேரளத்தை விட்டு நகருமுன் இன்னொன்று. அங்கே அரசருக்கும் தெய்வத்துக்கும் உரிய எதற்கும் முன்னால் ‘பள்ளி’ என்று ஒட்டிவிடுவார்கள். திருவிழாவில் சாமி வேட்டைக்குப் போனால் பள்ளிவேட்டை. சாமியாடும் வெளிச்சப்பாடு கையில் பிடிக்கும் வாள் பள்ளிவாள். பெருமாள் உறக்கம் பள்ளிக்குறுப்பு. ஆரன்முளை ஆற்றில் பாட்டோடு துடுப்புப் போடும் நீண்ட படகு பள்ளியோடம்! நம்மிடமும் இது கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் சாமிக்குச் சாத்தும் மாலை திருப்பள்ளித்தாமம். மார்கழியில் நாம் பாடுவது திருப்பள்ளியெழுச்சி. மாணிக்கவாசகரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் தெய்வத்தை எழுப்பினார்கள். பாரதியார் அதே வடிவத்தில் பாரத மாதாவை எழுப்பினார்.

வடக்கே போனால் பள்ளி வேறு வேடம் போட்டுக்கொள்கிறது. அங்கே அது ஊர்! தெலுங்கில் பல்லெ என்றால் கிராமம். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் கிராமங்களுக்கு ஓடும் அரசுப் பேருந்தின் நெற்றியில் ‘பல்லெ வெலுகு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிராமத்து வெளிச்சம் என்று பொருள். கன்னடத்தில் அதே சொல் ஹள்ளி. பழங்கன்னடத்தில் பகரத்தில் தொடங்கிய சொற்கள் பின்னால் ஹகரத்துக்கு மாறின. நம் பால் அவர்களுக்கு ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து, பூ ஹூ. அந்த வரிசையில் பள்ளி ஹள்ளி ஆயிற்று. பெங்களூருக்கு விமானத்தில் போகிறவர்கள் இறங்குகிற தேவனஹள்ளி, மாரத்தஹள்ளி எல்லாம் நம் பள்ளிகளே! கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மூன்று மாநிலம் சந்திக்கும் மூலையில் ஓர் ஊரை வேப்பனஹள்ளி என்றும் எழுதுகிறார்கள், வேப்பனப்பள்ளி என்றும் எழுதுகிறார்கள். அங்கே நின்றால் ஒரு சொல் மொழி மாறுவதைக் கண்ணெதிரே காணலாம். ஹுப்பள்ளி மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அதில் இருப்பது நம் பள்ளி அல்ல. பூவும் கொடியும் சேர்ந்த ‘ஹூபள்ளி’ என்று விளக்குகிறார்கள். கன்னடத்தில் ‘பள்ளி’யின் முதலெழுத்தை ஆங்கில B போல ஒலித்தால் கொடி!

பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இந்தச் சொற்களையெல்லாம் ஒரே குடும்பத்தில் வைக்கிறது. சிற்றூர், ஆயர் சேரி, துறவியர் இடம், அரண்மனை, பள்ளிக்கூடம், அறை என்று தமிழ்ப் பொருள்கள் மட்டுமே ஒரு பெரிய பட்டியல். சமஸ்கிருதத்தில் சிற்றூரைக் குறிக்கும் பல்லீ என்ற சொல் திராவிட மொழிகளிலிருந்து போனது என்பதும் அவர்கள் கருத்து. போனது அங்கேயே நின்றதா? வங்காளத்துக்கு நடந்துவிட்டது! வங்காள மொழியில் பல்லி என்றால் கிராமம். தாகூர் 1922-இல் ஸ்ரீநிகேதனில் தொடங்கிய கிராமப் பணியின் பிரிவுக்குப் ‘பல்லி சங்கடன்’ என்று பெயர். வங்கதேசத்துக் கவிஞர் ஜசீமுத்தீனை மக்கள் ‘பல்லி கபி’ என்றே கொண்டாடுகிறார்கள், கிராமத்துக் கவிஞர். அங்கே கிராமங்களுக்கு மின்சாரம் கொடுப்பது ‘பல்லி பித்யுத்’. ஒடிசாவில் கிராமத்தார் கூடும் சபைக்குச் சட்டத்திலேயே ‘பல்லி சபா’ என்று பெயர். வங்கதேசக் கிராமத்தில் ஒருவர் மின் கட்டணம் கட்டும்போது, மாங்குளத்துக் குகைச் சொல்லின் உறவினர் ஒருவரை உச்சரிக்கிறார்!

கடலுக்கு அந்தப் பக்கமும் போயிருக்கிறது. சிங்களத்தில் ‘பல்லிய’ என்றால் தேவாலயம், மசூதியும்கூட. திருகோணமலைப் பக்கம் வெல்காமத்தில் பௌத்த விகாரை ஒன்று இருக்கிறது. சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் அதை இராசராசப் பெரும்பள்ளி என்கின்றன. தமிழில் எழுதி, சோழன் பெயர் சூட்டி, புத்தருக்கு! நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை இராசராசன் 1006-ஐ ஒட்டிப் பள்ளிச்சந்தமாகவே கொடுத்தான். இன்றைய இந்தோனேசியாவின் சுமத்ராவில் இருந்த அரசர் கட்டிய பௌத்தப் பள்ளிக்கு, தஞ்சையில் சிவனுக்குப் பெரிய கோயில் எழுப்பிக்கொண்டிருந்த மன்னன் ஊர் எழுதி வைக்கிறான்! அந்தச் செப்பேடுகள் நெதர்லாந்துக்குப் போனதால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன.

ஒரே ஒலியில் இருப்பதெல்லாம் ஒரே குடும்பம் ஆகிவிடாது. தெலங்கானாக்காரர் ‘பல்லி’ என்றால் வேர்க்கடலை. அங்கே பல்லிச் சட்னி கேட்டுப் பயந்துவிடாதீர்கள்! ஃபின்லாந்தில் ‘பல்லி’ என்றால் முக்காலி. சமஸ்கிருதத்தில் பல்லீ என்றால் சிற்றூர் மட்டுமல்ல, சுவரில் ஓடும் பல்லியும்தான். தமிழில் நமக்கு அந்தக் குழப்பம் கிடையாது. ளகரம் போட்டால் பள்ளி, லகரம் போட்டால் பல்லி. காஞ்சி வரதராசர் கோயிலில் வரிசையில் நின்று தங்கப் பல்லியைத் தொட்டு வணங்குகிறவர்கள், அங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் ஜின காஞ்சியின் பள்ளியையும் எட்டிப் பார்க்கலாமே. நாக்கை மடிக்கிற அந்த ஒரு சிறு வேறுபாட்டுக்குள் இரண்டு உலகம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ளகரம் சரியாக வர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

ஊர்ப் பெயர்களை மட்டும் எடுத்தாலே ஒரு நூல் எழுதலாம். அப்பர் பெருமான் தம் அடைவு திருத்தாண்டகத்தில் தலங்களைப் பெயரின் முடிவை வைத்து வகுத்துப் பாடுகிறார். அதில் பள்ளி என்று முடியும் தலங்களுக்கு ஒரு பாட்டு. சிராப்பள்ளி, காட்டுப்பள்ளி, சக்கரப்பள்ளி, செம்பொன்பள்ளி, நனிபள்ளி... இவற்றில் எது துறவியர் பள்ளி, எது வெறும் சிற்றூர் என்று ஊர் ஊராகத்தான் பார்க்க வேண்டும். திருச்சிராப்பள்ளியில் மலைக்கோட்டைப் பாறையின் கற்படுக்கைகளில் ‘சிரா’ என்று பொறித்த எழுத்து இருப்பதைக் காட்டி, சிரா என்ற துறவியின் பள்ளியே சிராப்பள்ளி என்று சிலர் சொல்கிறார்கள். திரிசிரன் என்ற அரக்கன் பூசித்த தலம் என்கிறது தலபுராணம். எனக்குக் கற்படுக்கைதான் கூடுதல் நம்பிக்கை தருகிறது, எழுத்து அங்கேயே இருக்கிறதே.

ஜின காஞ்சியின் மடம் பின்னாளில் செஞ்சிப் பக்கம் மேல்சித்தாமூருக்குப் போய்விட்டது. தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றைக்கும் அங்கே ஜின காஞ்சி என்ற பெயரோடுதான் இயங்குகிறது. கி.பி. 640 வாக்கில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களையும் பதினாயிரம் துறவிகளையும் நிர்கிரந்தர் என்ற சமணர் பலரையும் கண்டதாக எழுதி வைத்தார். அத்தனை பள்ளிகளில் நம் கண்ணுக்கு முன்னால் கட்டடமாக, ஓவியமாக, வழிபாடாக எஞ்சி நிற்பதில் திருப்பருத்திக்குன்றமே முதன்மை.

காஞ்சிக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையிலிருந்து கிளம்பியதும் ஒரு மணி நேரம் ஒதுக்கித் திருப்பருத்திக்குன்றம் போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அவர்கள் தினமும் போகிற பள்ளியின் பெயர் எங்கிருந்து வந்தது என்று சங்கீத மண்டபத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். உங்கள் ஊர் மலையில் வழவழப்பான கற்படுக்கை இருந்தால் அதில் பெயர் கீறுகிறவர்களைத் தடுங்கள், பாறை உடைக்க யாராவது வந்தால் உடனே தொல்லியல் துறைக்கு எழுதுங்கள்.